கொள்ளைச் சரக்கும் கம்பெனி நியாயமும்

ஒரு தேசத்தை அன்னியப் பட்டாளம் பிடித்துக்கொண்டு, அத்தேசத்து ஜனங்களின் சம்மதமில்லாமலே அங்கே சர்க்கார் நடத்துமானால் அதை அக்கிரமம் என்று சொல்ல யாரும் பெரிய படிப்புப் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பட்டாளத்தின் காவலில் கம்பெனிக்காரர்கள் வந்து, அந்த மண்ணுக்கடியில் இருப்பதைத் தோண்டியும், அந்தக் கடலில் இருப்பதை வாரியும், கப்பலேற்றி விற்று லாபத்தைப் பங்கிட்டுக் கொள்வார்களானால், அதற்கு மாத்திரம் வியாபாரமென்றும், முதலீடென்றும், அபிவிருத்தியென்றும் கௌரவமான பெயர்கள் கொடுக்கப்படுகின்றன. துப்பாக்கி பிடித்தவனைக் குற்றவாளி என்பவர்கள் கணக்குப் புத்தகம் பிடித்தவனைக் கனவான் என்கின்றார்கள். இது எந்த நியாயத்தைச் சேர்ந்தது என்பதைத்தான் இவ்வாரம் வாசகர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்தமான அர்த்தம் செய்துகொள்ள இடமுண்டாகும். ஆதலால் ஒரு குறிப்பிட்ட தேசத்தின் சங்கதியையே எடுத்துக்கொண்டு விசாரிப்போம். அதுதான் ஆப்பிரிக்காவின் வடமேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் சமுத்திரக் கரையிலுள்ள மேற்கு சஹாரா. அது பெரும்பாலும் மணல்காடு. ஆனால் மணலுக்கடியில் உரம் செய்வதற்கான பாஸ்பேட் பாறையும், கரைக்கப்பால் ஏராளமான மீனும் இருக்கின்றன. இவ்விரண்டும் இல்லாதிருந்தால் அந்தத் தேசத்தின் பெயரைக்கூட எந்தக் கம்பெனிக்காரரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அத்தேசம் ஸ்பெயினுக்கு அடிமைப்பட்டிருந்தது. தன்னாட்சி அடையாத பிரதேசங்களின் பட்டியலில் ஐக்கிய நாடுகள் சபை அதை 1963-ல் சேர்த்தது. இன்றைக்கும் அது அப்பட்டியலிலேயே இருந்துவருகின்றது. ஸ்பெயின் வெளியேற வேண்டிய காலம் நெருங்கியபோது, பக்கத்திலுள்ள மொராக்கோ, அது ஆதியிலிருந்தே எங்கள் பூமி என்று பாத்தியதை கொண்டாடிற்று. விஷயம் சர்வதேச நியாயஸ்தலத்துக்குப் போயிற்று. அந்த நியாயஸ்தலம் 1975-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி தன் அபிப்பிராயத்தை வெளியிட்டது. அங்கிருந்த சில கூட்டத்தார் மொராக்கோ சுல்தானுக்கு விசுவாசம் காட்டி வந்தது உண்மையானாலும், அது அந்தப் பூமியின்மேல் மொராக்கோவுக்கு ஆட்சி பாத்தியதை கொடுக்கக்கூடியதல்ல என்றும், தங்கள் தலைவிதியைத் தாங்களே தீர்மானித்துக்கொள்ளும் அந்த ஜனங்களின் உரிமையை அது எவ்விதத்திலும் குறைக்காது என்றும் அதில் சொல்லப்பட்டது.

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு நடந்ததென்ன? சரியாக மூன்றே வாரந்தான் சென்றது. நவம்பர் 6-ந் தேதி மொராக்கோ அரசர் சுமார் மூன்றரை லட்சம் ஜனங்களை எல்லை கடந்து நடந்துபோகும்படி அனுப்பினார். பட்டாளம் அதற்கு முன்னரே உள்ளே நுழையத் தொடங்கிவிட்டது. நவம்பர் 14-ந் தேதி ஸ்பெயினும், மொராக்கோவும், மௌரிட்டேனியாவும் மாட்ரிட் நகரத்தில் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த ஒப்பந்தத்தில் சஹ்ராவி ஜனங்களின் கையெழுத்து இல்லை. அவர்களை யாரும் கேட்கவுமில்லை. வீட்டுக்காரனை வாசலில் நிறுத்திவிட்டு, குடியிருந்தவனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டது போலத்தான் அது இருந்தது.

அந்தப் பாகப் பிரிவினையில் இன்னொரு சங்கதியும் உண்டு. புக்ரா என்ற இடத்தில் ஸ்பெயின் ஒரு பாஸ்பேட் சுரங்கம் வைத்திருந்தது. 1970-களின் தொடக்கத்தில்தான் அங்கிருந்து ஏற்றுமதி ஆரம்பித்திருந்தது. மாட்ரிட் ஏற்பாட்டின் பலனாக அந்தச் சுரங்கத்தில் 65 சதவிகிதம் மொராக்கோ சர்க்காருக்குச் சொந்தமான ஓ.சி.பி. என்னும் பாஸ்பேட் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. பாக்கி 35 சதவிகிதத்தை ஸ்பெயின் 2002 வரை தன் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தது. அதாவது தேசத்தை விட்டுவிட்டோம் என்று சொல்லிக் கொடியை இறக்கிக்கொண்டு போனவர்கள், சுரங்கத்தின் பங்கை மாத்திரம் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் விடவில்லை. ராஜ்ய பாரம் போய்விட்டது, லாப பாரம் போகவில்லை. இதிலிருந்தே பட்டாளத்துக்கும் கம்பெனிக்கும் உள்ள உறவு இன்னதென்று வாசகர்கள் தெரிந்துகொள்ளலாம்.

பிறகு யுத்தம் நடந்தது. மௌரிட்டேனியா 1979-ல் விலகிக்கொண்டது. அந்தப் பாகத்தையும் மொராக்கோவே பிடித்துக்கொண்டது. அதே வருஷத்தில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை தன் தீர்மானத்தில் இதற்கு ‘ஆக்கிரமிப்பு’ என்றே பெயர் கொடுத்தது. தேசத்தின் குறுக்கே சுமார் 2,700 கிலோமீட்டர் நீளத்துக்கு மண்ணாலும் கல்லாலும் ஒரு மதில் எழுப்பப்பட்டு, அதையொட்டிக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருக்கின்றன. மதிலுக்கு இந்தப் பக்கம் சுரங்கமும், மீன்பிடி துறைமுகங்களும், நகரங்களும். அந்தப் பக்கம் வெறும் மணல். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட சஹ்ராவிகள் அல்ஜீரியாவின் தின்தூஃப் பாலைவனத்தில் கூடாரங்களிலும் மண் வீடுகளிலும், பிறர் அனுப்பும் உணவை எதிர்பார்த்துத் தலைமுறை தலைமுறையாகக் காலங்கழிக்கின்றார்கள். 1991-ல் சண்டை நிறுத்தம் ஏற்பட்டு, ஜனங்களின் வாக்கெடுப்பு நடத்துவதற்கென்றே ஐக்கிய நாடுகள் சபை ஒரு குழுவையும் அனுப்பிற்று. வாக்கெடுப்பு நடக்கவேயில்லை. 2020 நவம்பரில் சண்டை நிறுத்தமும் முறிந்துவிட்டது. ஆனால் புக்ராவிலிருந்து சமுத்திரக் கரை வரைக்கும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் பாறை சுமக்கும் வார்ப்பட்டை மாத்திரம் ஜனங்களின் வாக்குக்காகக் காத்திருக்கவில்லை.

இப்போது கம்பெனிக்காரர்கள் தங்கள் தரப்பில் சொல்லும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலிப்போம்.

முதலாவதாக, "நாங்கள் வியாபாரிகள், அரசியலில் எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்கின்றார்கள். இதைக் காட்டிலும் பெரிய அரசியல் வேறொன்றும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. பட்டாளத்தை வைத்திருக்கச் செலவு பிடிக்கும். மதிலைக் காக்கச் செலவு பிடிக்கும். பிடித்த பூமியிலிருந்து வரும்படி வந்துகொண்டிருக்குமானால் பிடித்தவனுக்கு அதை விடவேண்டுமென்ற எண்ணமே தோன்றாது. பாறையை வாங்குகின்றவன், மீனை வாங்குகின்றவன், யந்திரத்தை விற்கின்றவன் ஆகிய ஒவ்வொருவனும் அந்த வரும்படிக்கு உதவி செய்கின்றவனே ஆவான். உதாரணமாக, லாயூனுக்கு அருகே ஃபூம் எல் ஊயத் என்ற இடத்தில் காற்றாலைகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. காற்றாலை நல்ல காரியந்தான். புகை இல்லை, கரி இல்லை. ஆனால் அந்தக் காற்றாலைகளை நடத்தும் கம்பெனி மொராக்கோ அரச குடும்பத்தின் முதலீட்டு ஸ்தாபனத்தைச் சேர்ந்தது. யந்திரம் கொடுத்தது ஜெர்மனியின் சீமன்ஸ் கம்பெனி. அந்த மின்சாரம் போவது புக்ரா சுரங்கத் தொழிலுக்கு. காற்றுக்குக் கட்சியில்லை என்பது வாஸ்தவம். காற்றாலைக்கும் கட்சியில்லை என்று எப்படிச் சொல்லமுடியும்?

இரண்டாவதாக, "சர்க்கார் எங்களுக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கின்றது, ஒப்பந்தம் இருக்கின்றது, கையெழுத்து இருக்கின்றது" என்கின்றார்கள். எந்தச் சர்க்கார் என்பதுதானே கேள்வி? பிறன் தோப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டவன் எழுதிக் கொடுத்த குத்தகைச் சீட்டைக் காட்டி ஒருவன் தேங்காய் பறித்தால், சீட்டு இருக்கின்றதென்பதற்காகப் பறித்தவனை எந்தக் கோர்ட்டாவது விட்டுவிடுமா? 1907-ம் வருஷத்து ஹேக் விதிகள் இதைத் தெளிவாகச் சொல்லுகின்றன. பிடித்த பூமியிலுள்ள பொதுச் சொத்துக்கு, பிடித்த சர்க்கார் சொந்தக்காரன் அல்ல. பராமரித்துத் திருப்பிக் கொடுக்கவேண்டிய அனுபோகக்காரன் மாத்திரமே. முதலுக்குச் சேதம் வராமல் காக்கவேண்டியது அவன் கடமை. சூறையாடுதல் முற்றிலும் விலக்கப்பட்டிருக்கின்றது. தோண்டியெடுத்த பாறை திரும்ப முளைக்குமா? அது முதலையே விற்றுத் தின்பதாகாதா?

இந்த விஷயத்தில் கம்பெனி முதலாளிகளுக்குத் தனியாகவே ஒரு பாடம் முன்னரே கற்பிக்கப்பட்டிருக்கின்றது. இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பிறகு நூரெம்பர்க்கில் ஜெர்மன் முதலாளிகள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள். ஐ.ஜி. ஃபார்பன் என்ற ரசாயனக் கம்பெனியின் நிர்வாகிகள், போலந்திலும், பிரான்சிலும், நார்வேயிலும் தாங்கள் எடுத்துக்கொண்ட தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்தம் எழுதி, பங்கு வாங்கிப் பணம் கொடுத்ததாக வாதாடினார்கள். 1948-ல் தீர்ப்புச் சொன்ன நியாயாதிபதிகள், பட்டாளத்தின் அழுத்தத்தால் பெறப்பட்ட சம்மதம் சம்மதமல்லவென்றும், அப்படிப்பட்ட ஒப்பந்தம் சூறையாடுதலை மறைக்காதென்றும் தீர்மானித்துப் பலரைத் தண்டித்தார்கள். அதே வருஷம் ஜூலை 31-ந் தேதி, பீரங்கி செய்து பேர்போன கிருப் கம்பெனியின் முதலாளி ஆல்ஃபிரீட் கிருப்புக்கு 12 வருஷச் சிறையும், சொத்துப் பறிமுதலும் விதிக்கப்பட்டன. ஆனால் 1951-லேயே அவர் விடுதலை செய்யப்பட்டுச் சொத்தும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. தீர்ப்பு எழுதுவதற்கு மூன்று வருஷம் பிடித்தது. தீர்ப்பை மறப்பதற்கும் அதற்கு மேல் பிடிக்கவில்லை. முதலாளி உலகம் நூரெம்பர்க்கின் முதல் பாதியை மறந்துவிட்டு, இரண்டாவது பாதியை மாத்திரம் ஞாபகம் வைத்துக்கொண்டது போலும்!

மூன்றாவதாக, "நாங்கள் அங்கே வேலை கொடுக்கின்றோம், ரஸ்தா போடுகின்றோம், பள்ளிக்கூடம் கட்டுகின்றோம், லாபத்தை அங்கேயே செலவழிக்கின்றோம், ஆகவே ஜனங்களுக்கு நன்மைதானே?" என்கின்றார்கள். இந்த நியாயம் கேட்பதற்குக் கொஞ்சம் இனிப்பாக இருப்பதால் பலர் இதில் ஏமாந்துபோகின்றார்கள். நாம் கேட்பது ஒன்றுதான். நன்மை என்று தீர்மானித்தது யார்? ஒருவனுடைய பணத்தை எடுத்து அவனுக்கே சட்டை தைத்துக் கொடுத்துவிட்டு, மீதியை வைத்துக்கொண்டு, "உனக்கு நன்மைதானே செய்தேன்" என்றால் அவன் கும்பிட்டுவிட்டுப் போகவேண்டுமா? மனிதனுக்கு வயிறு மாத்திரமல்ல, மானமும் உண்டு. தன் காரியத்தில் தன்னைக் கேட்கவேண்டுமென்பதுதான் அந்த மானத்துக்கு அர்த்தம்.

இது நம்முடைய சொந்தத் தத்துவம் மாத்திரமல்ல. ஐக்கிய நாடுகள் சபையின் சட்ட அதிகாரியாயிருந்த ஹான்ஸ் கொரேல் என்பவர் 2002 ஜனவரி 29-ந் தேதி பாதுகாப்புச் சபைக்குக் கொடுத்த அபிப்பிராயத்தில், எண்ணெய் தேடுவதற்காக மொராக்கோ இரண்டு அன்னியக் கம்பெனிகளுக்குக் கொடுத்த ஒப்பந்தங்களைப் பரிசீலித்தார். வெறும் ஆராய்ச்சி அளவில் அவ்வொப்பந்தங்கள் சட்ட விரோதமாகா என்றும், ஆனால் மேற்கு சஹாரா ஜனங்களின் நன்மையையும் விருப்பத்தையும் பொருட்படுத்தாமல் மேலும் தேடவும் எடுக்கவும் தொடங்கினால் சர்வதேசச் சட்டத்தை மீறியதாகும் என்றும் சொன்னார். நன்மை ஒன்று, விருப்பம் மற்றொன்று. இரண்டும் வேண்டும். கம்பெனிக்காரர்கள் முதல் வார்த்தையைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொண்டு இரண்டாவது வார்த்தையை விழுங்கிவிடுகின்றார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நியாயஸ்தலம் இதை இன்னும் விளக்கமாகச் சொல்லியிருக்கின்றது. மேற்கு சஹாரா மொராக்கோவிலிருந்து தனியான பிரதேசம் என்று 2016 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லிற்று. உடனே ஐரோப்பிய அதிகாரிகள் ஒப்பந்தத்தைத் திருத்தி, அங்கே குடியிருப்பவர்களைக் கலந்துகொண்டோம் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். யாரைக் கலந்துகொண்டார்கள்? அங்கே இன்று குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் 1975-க்குப் பிறகு மொராக்கோவிலிருந்து வந்து குடியேறினவர்கள். சஹ்ராவி ஜனங்களில் பெரும்பாலோர் தேசத்துக்கு வெளியே இருக்கின்றார்கள். 2024 அக்டோபர் 4-ந் தேதி அந்த நியாயஸ்தலம், குடியிருப்பவர்களைக் கலந்துகொள்வது வேறு, அந்த ஜனசமூகத்தின் சம்மதத்தைப் பெறுவது வேறு என்று சொல்லி, விவசாயப் பண்டங்கள் பற்றியும் மீன்பிடித்தல் பற்றியும் 2019-ல் செய்யப்பட்ட ஏற்பாடுகள் செல்லா என்று தீர்மானித்தது. அதே நாளில் மற்றொரு வழக்கில், அங்கே விளையும் தக்காளிக்கும் முலாம்பழத்துக்கும் மேற்கு சஹாரா என்றே பெயர் போட வேண்டும், மொராக்கோ என்று போடக்கூடாது என்றும் சொல்லிற்று.

எதிர்க்கட்சியின் வாதத்துக்குச் சாதகமாகவும் அத்தீர்ப்பில் ஒரு வாக்கியம் இருப்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஓர் ஒப்பந்தம் அந்த ஜனங்களின்மேல் யாதொரு கடமையையும் சுமத்தாமலும், அவர்களுக்குத் திட்டமான, உண்மையான, கணிசமான, சோதித்துப் பார்க்கக்கூடிய பலனைக் கொடுப்பதாகவும் இருந்தால் சம்மதம் இருப்பதாக அனுமானிக்கலாம் என்று நியாயஸ்தலம் சொல்லியிருக்கின்றது. நல்லது, அப்படியே வைத்துக்கொள்வோம். தின்தூஃப் கூடாரத்திலிருக்கும் ஒரு தாய்க்குப் புக்ரா பாறையிலிருந்து வந்த கணிசமான பலன் எது? அதைச் சோதித்துப் பார்க்கும் கணக்கு எங்கே? கணக்கைக் காட்டிவிட்டுப் பிறகு அனுமானத்தைப் பற்றிப் பேசட்டும். விளைவு என்னவாயிற்றென்றால், விவசாய ஏற்பாட்டுக்குக் கோர்ட்டு கொடுத்த ஒரு வருஷ அவகாசம் முடியும் தறுவாயில், 2025 அக்டோபரில் ஐரோப்பிய அதிகாரிகள் மொராக்கோவோடு மற்றுமோர் ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். கோர்ட்டு கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாக வருவதென்பது வியாபார ராஜதந்திரத்தின் வழக்கம்.

நான்காவதாக, "நாங்கள் விலகிக்கொண்டால் வேறொருவன் வரப்போகின்றான்; அப்புறம் நாங்கள் விலகி என்ன பிரயோஜனம்?" என்கின்றார்கள். இது திருடர்கள் எல்லோரும் சொல்லக்கூடிய நியாயம். நான் எடுக்காவிட்டால் இன்னொருவன் எடுப்பான் என்பதால் எடுத்தது திருட்டல்லவென்று ஆகிவிடாது. மேலும் அனுபவத்திலும் இது பொய்யாகியிருக்கின்றது. நார்வே தேசத்தின் சர்க்கார் நிதி, கெர் மக்கீ என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியின் பங்குகளை இந்தக் காரணத்துக்காகவே 2005-ல் விற்றுவிட்டது. அடுத்த வருஷமே அந்தக் கம்பெனி மேற்கு சஹாராவை விட்டு வெளியேறிற்று. பாறை வாங்கிவந்த கனடாவின் உரக் கம்பெனிகள் ஒன்றாய்ச் சேர்ந்து நியூட்ரியன் ஆன பிறகு, 2018-ம் வருஷ முடிவோடு அங்கிருந்து வாங்குவதை நிறுத்திவிட்டன. 2017 மே மாதத்தில் சுமார் 55,000 டன் புக்ரா பாறையை நியூஜீலண்டுக்கு ஏற்றிக்கொண்டு போன ‘செர்ரி பிளாசம்’ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் துறைமுகத்தில் கோர்ட்டு உத்தரவால் நிறுத்தப்பட்டது. ஓ.சி.பி. அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று சொல்லி வழக்கிலிருந்தே விலகிக்கொண்டது. 2018 பிப்ரவரியில், சரக்குக்குச் சொந்தக்காரர் சஹ்ராவி குடியரசே என்று தீர்ப்பாயிற்று. சரக்கு தன்னுடையது என்பதில் நம்பிக்கையுள்ளவன் கோர்ட்டுக்கு வந்து சொல்லுவானா, ஓடிப்போவானா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

ஐந்தாவதாக, "பெரிய வல்லரசுகளே மொராக்கோவின் பாத்தியதையை ஒப்புக்கொண்டுவிட்டன, இனிமேல் பேசி என்ன?" என்கின்றார்கள். 2020 டிசம்பரில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் அப்படி ஒப்புக்கொண்டது உண்மை. 2025 அக்டோபர் 31-ந் தேதி பாதுகாப்புச் சபையும் மொராக்கோ சொல்லும் சுயாட்சித் திட்டத்தை அடிப்படையாக வைத்துப் பேசும்படி தீர்மானித்திருக்கின்றது. ஆனால் அந்தத் தீர்மானமே இரு தரப்பாரும் ஒப்புக்கொள்ளும் முடிவு வேண்டுமென்றும், அந்த ஜனங்களின் சுயநிர்ணயத்துக்கு அதில் இடமிருக்க வேண்டுமென்றும் சொல்லுகின்றது. முடிவு வருவதற்கு முன்னரே பாறையை அள்ளிக்கொள்ளலாமென்று அதில் எங்கும் எழுதப்படவில்லை. அன்றியும், ஊரிலுள்ள பெரிய மனிதர் ஒருவர் ஒரு வீட்டைக் காட்டி இது இன்னாருடையது என்று சொல்லிவிட்டால் பத்திரம் மாறிவிடுமா?

இது ஒரு தேசத்து விஷயம் மாத்திரமல்ல. இஸ்ரேல் 1967-ல் பிடித்த பாலஸ்தீன மேற்குக் கரையிலும் இதே கதைதான். பிடித்த பூமியில் தன் ஜனங்களைக் கொண்டுவந்து குடியேற்றக்கூடாதென்று 1949-ம் வருஷத்து நான்காவது ஜினீவா ஒப்பந்தத்தின் 49-வது ஷரத்து சொல்லுகின்றது. அந்தக் குடியேற்றங்களோடு குறிப்பிட்ட சில விதங்களில் தொழில் நடத்தும் கம்பெனிகளின் பட்டியலை ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2020 பிப்ரவரியில் வெளியிட்டபோது அதில் 112 பெயர்கள் இருந்தன. 2025 செப்டம்பரில் திருத்தி வெளியிட்டபோது 158 பெயர்கள் இருந்தன. இதற்கிடையில் 2024 ஜூலை 19-ந் தேதி, அந்த ஆக்கிரமிப்பே சட்ட விரோதமானதென்று சர்வதேச நியாயஸ்தலம் சொல்லிவிட்டது. அப்பட்டியலில் உள்ள ஏர்பிஎன்பி என்ற தங்கும் விடுதி ஏற்பாட்டுக் கம்பெனி, குடியேற்ற வீடுகளைத் தன் ஜாபிதாவிலிருந்து எடுத்துவிடுவதாக 2018 நவம்பரில் அறிவித்தது. வழக்குகள் போடப்பட்டதும் 2019 ஏப்ரலில் அதை மாற்றிக்கொண்டு, எடுப்பதில்லை, ஆனால் அங்கே வரும் லாபத்தை மாத்திரம் தர்ம ஸ்தாபனங்களுக்குக் கொடுத்துவிடுகின்றோம் என்று சொல்லிற்று. லாபம் சுத்தமானதாயிருந்தால் அதை ஏன் கொடுத்துவிட வேண்டும்? சுத்தமில்லாததாயிருந்தால் அதை ஏன் சம்பாதிக்க வேண்டும்? அன்னதானம் செய்துவிட்டால் கொள்ளை புண்ணியமாகிவிடுமென்ற எண்ணம் இந்த நாட்டில் மாத்திரந்தான் இருக்கின்றதென்று நினைத்திருந்தவர்கள் இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நிற்க, கம்பெனிக்கு என்ன பொறுப்பு இருக்கின்றதென்பதைப் பற்றி 2011 ஜூன் மாதத்தில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைச் சபை ஒரு வழிகாட்டும் நெறியை ஏற்றுக்கொண்டிருக்கின்றது. அது சுருக்கத்தில் இதுதான்: ஜனங்களைக் காப்பது சர்க்காரின் கடமை, அவர்களுடைய உரிமையை மதிப்பது கம்பெனியின் பொறுப்பு, கெடுதி நேர்ந்தால் பரிகாரம் கிடைக்க வேண்டும். சர்க்கார் தன் கடமையைச் செய்யவில்லை என்பதால் கம்பெனியின் பொறுப்பு போய்விடாது. யுத்தமும் ஆக்கிரமிப்பும் உள்ள இடங்களில் ஆபத்து அதிகமாகையால் அங்கே கவனமும் அதிகமாயிருக்க வேண்டும். தன்னால் கெடுதி உண்டாகின்றதா என்று கம்பெனி முன்கூட்டியே தேடிப் பார்க்க வேண்டும்; உண்டானால் நிறுத்த வேண்டும்; தன்னால் திருத்த முடியாத கெடுதியாயிருந்தால் வெளியேறுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். இதெல்லாம் நல்ல வார்த்தைகளே. ஆனால் மீறினால் தண்டனை என்ன என்று தேடினால் அதில் ஒன்றுமில்லை. தண்டனையில்லாத விதி லாபத்தின் முன்னிலையில் எத்தனை நாளைக்கு நிற்கும்? பசித்தவன் ஒரு ரொட்டியைத் திருடினால் அவனைப் பிடிக்கச் சட்டமும் போலீசும் சிறையும் உண்டு. ஒரு தேசத்தின் மண்ணைக் கப்பல் கப்பலாய் ஏற்றுகின்றவனுக்கு மாத்திரம் ‘நெறி’ போதும் என்பது எந்த நீதி?

நமக்கு இதில் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கின்றது. இந்திய விவசாயி போடும் உரத்துக்கு வேண்டிய பாஸ்பேட்டில் பெரும்பகுதி வெளித் தேசங்களிலிருந்தே வருகின்றது; மொராக்கோ அதில் ஒரு முக்கிய வியாபாரி. ஒடிசாவிலுள்ள பாரதீப் பாஸ்பேட் கம்பெனியில் தனக்கிருந்த பெரும் பங்கை இந்திய சர்க்கார் 2002-ல் விற்றபோது, வாங்கிய கூட்டுக் கம்பெனியில் ஓ.சி.பி.யும் ஒரு கூட்டாளி. புக்ரா பாறை போய்ச் சேர்ந்த தேசங்களைக் கப்பல் கப்பலாய்க் கணக்கெடுத்து வெளியிடும் மேற்கு சஹாரா வள கண்காணிப்பு அமைப்பின் அறிக்கைகளில் இந்தியாவின் பெயரும் வந்திருக்கின்றது. நம் சர்க்காரின் நடத்தை எப்படியிருந்ததென்றால், 1985-ல் சஹ்ராவி குடியரசை அங்கீகரித்தது. 2000-ல் அந்த அங்கீகாரத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது. ஒரு வியாபாரக் கம்பெனி லைசென்சு வாங்கிக்கொண்டு வந்து, பட்டாளம் வைத்துத் தேசத்தையே விழுங்கிய கதையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் தேசம் இது. கம்பெனியும் பட்டாளமும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அப்படியிருக்க, பிறருக்கு அதே கதி வரும்போது நாம் மலிவான உரம் கிடைக்கின்றதென்று வாயை மூடிக்கொண்டிருப்பது மானமுள்ளவர்களுக்கு அழகாகுமா?

விவசாயியின்மேல் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. மூட்டையின் மேல் பாறை எந்தப் பூமியிலிருந்து வந்ததென்று எழுதியிருப்பதில்லை. எழுதாமலிருப்பதுதான் வியாபாரத்தின் ரகசியம். ஆகவே நாம் கேட்பது சில காரியங்களே. பிடிக்கப்பட்ட பூமியிலிருந்து வரும் சரக்குக்கு அந்தப் பூமியின் பெயரையே போடும்படி சட்டம் வேண்டும். கம்பெனிகள் எங்கிருந்து எவ்வளவு வாங்குகின்றன என்பதை வருஷா வருஷம் பகிரங்கமாக வெளியிட வேண்டும். சொந்தக்காரரான ஜனங்களின் சம்மதம் இல்லாத சரக்கைச் சர்க்கார் கம்பெனிகளும், சர்க்கார் உதவி பெறும் கம்பெனிகளும் வாங்கக் கூடாது. கெடுதியடைந்தவர்கள் அந்தக் கம்பெனியின் சொந்த தேசத்துக் கோர்ட்டிலேயே வழக்குப் போட வழி இருக்க வேண்டும். பாங்குகளிலும், இன்ஷூரன்சிலும், பங்கு மார்க்கெட்டிலும் பணம் போட்டிருப்பவர்கள் தங்கள் பணம் எந்த மதிலுக்குள் வேலை செய்கின்றதென்று எழுதிக் கேட்க வேண்டும். நார்வேக்காரர்கள் கேட்டார்கள், பலன் கிடைத்தது. கேட்பவர்கள் இல்லாத இடத்தில்தான் கம்பெனிக்காரர்கள் மனச்சாட்சியைப் பற்றிப் பிரசங்கம் செய்கின்றார்கள்.

பட்டாளம் தனியாக ஒரு தேசத்தை நெடுங்காலம் பிடித்துவைத்திருக்க முடியாது. அதற்கு வரும்படி கொடுக்க ஒருவனும், சரக்கு வாங்க ஒருவனும், யந்திரம் கொடுக்க ஒருவனும், கணக்கெழுத ஒருவனும், கண்ணை மூடிக்கொள்ள ஆயிரம் பேரும் வேண்டியிருக்கின்றது. இவர்களில் ஒவ்வொருவனாக விலகிக்கொண்டால் மதில் தானாகவே பலங்குன்றிப்போகும். ஒரு ஜனசமூகத்தின் மண்ணும் கடலும் அந்த ஜனசமூகத்துக்கே சொந்தம். அதைத் தொட விரும்புகிறவன் முதலில் அவர்களைக் கேட்கட்டும். அவர்கள் முடியாதென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பட்டும். இதற்குச் சம்மதிக்காத கம்பெனி எவ்வளவு பெரிய பெயருடையதாயிருந்தாலும், எத்தனை பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தாலும், அது கொள்ளையில் கூட்டாளியே என்பது நமது உறுதியான அபிப்பிராயமாகும்.